ஆள் பாதி, ஆடை பாதி, மிச்சம் டேவிட் போவி

நைட் கிளப் நடத்துகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு தண்டம். வெள்ளியும் சனியும் கல்லாவை நிரப்பிவிடும். செவ்வாயன்று கரண்ட் பில்லுக்குக்கூடத் தேறாது. லண்டனின் சோஹோ பகுதியில், டீன் தெருவில் ஒரு நிலவறையில் இருந்த பில்லீஸ் என்ற கிளப்பும் 1978ல் அப்படித்தான் ஆளில்லாத கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் குளிர்காலம் தொடங்கும் முன் இரண்டு பையன்கள் அங்கே போய் ஒரு பேரம் பேசினார்கள். செவ்வாய் ராத்திரியை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஆளைக் கூட்டிவருவது எங்கள் பாடு. வாசலில் வாங்குகிற காசு எங்களுக்கு, பாரில் விற்கிற சரக்குக் காசு உங்களுக்கு.

ஒருவர் ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச். வேல்ஸின் சுரங்கப் பகுதியிலிருந்து பங்க் இசையைத் துரத்திக்கொண்டு லண்டனுக்கு வந்தவர், வயது 19. இன்னொருவர் ரஸ்டி ஈகன், ரிச் கிட்ஸ் என்ற இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த ராத்திரிக்கு அவர்கள் வைத்த பெயர் 'போவி நைட்'.

பாடகர் டேவிட் போவி வரப்போவதில்லை. அவர் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அந்த நவம்பரில் ஆஸ்திரேலியா, டிசம்பரில் ஜப்பான். அவரைக் கேட்டு யாரும் பெயர் வைக்கவில்லை, அவரும் கிளப் நடத்துகிற ஆள் இல்லை. ஆனாலும் லண்டன் இரவு வாழ்க்கையின் அடுத்த பத்து வருடம் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. ஒரு பாடகர் இல்லாத இடத்தில் அவருடைய செல்வாக்கு இவ்வளவு வேலை செய்தது எப்படி என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1972 ஜூலை 6, வியாழக்கிழமை மாலை. பிரிட்டனில் அன்று மொத்தமே மூன்று டிவி சேனல்கள். பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வந்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்று போவி 'ஸ்டார்மேன்' பாட வந்தார். தீக்கொழுந்து நிறத்தில் தலைமுடி, பஞ்சு வைத்துத் தைத்த பல வண்ணத் துணியில் உடம்பைப் பிடித்த உடை, கையில் நீல கிட்டார். பாட்டு நடுவில், பக்கத்தில் நின்ற கிட்டார் கலைஞர் மிக் ரான்சனின் தோளில் சாவகாசமாகக் கையைப் போட்டுக்கொண்டார். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே நிலைமை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களின் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து ஐந்தே வருடம் ஆகியிருந்தது. அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அதே ஆண்டு ஜனவரியில்தான் போவி ஓர் இசை வார இதழிடம் தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஆள் வரவேற்பறைக்குள் வந்து இன்னொரு ஆணின் தோளில் கை போடுகிறார். போதாக்குறைக்கு, கேமராவை நேராகப் பார்த்து, உன்னைத்தான் என்பதுபோல விரலை நீட்டிச் சுழற்றுகிறார்.

அந்த விரல் தங்களைத்தான் காட்டியது என்று நம்பிய பிள்ளைகள் நிறையப் பேர். பின்னாளில் ஸ்பாண்டோ பாலே குழுவைத் தொடங்கிய கேரி கெம்புக்கு அப்போது 12 வயது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் பேசாத பேட்டி குறைவு. பின்னாளில் பாடகராகப் பெயர்பெற்ற பாய் ஜார்ஜ் மறு வருடம், இன்னும் 12 நிறையாத வயதில், லண்டன் லூயிஷமில் போவியின் மேடையை நேரில் பார்த்தார். பில்லீஸ் படிகளில் இறங்கிய கூட்டம் பெரும்பாலும் இந்த வயதுக் கூட்டம். கணக்குப் பாருங்கள்: 1972ல் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. 1978ல் கிளப்புக்குள் நுழையும் வயது.

ஆனால் இவர்கள் போவியிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவர் மாதிரியே முடி வெட்டி, தலைவர் மாதிரியே சட்டை போட்டுக்கொள்ளும் சாதாரண ரசிகத்தனம் போவியிடம் செல்லாது. ஏனென்றால் நீங்கள் காப்பியடித்து முடிப்பதற்குள் அவர் வேஷத்தைக் கலைத்திருப்பார். ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற வேற்றுக்கிரகப் பாடகன் வேடத்தை 1973 ஜூலை 3 அன்று ஹேமர்ஸ்மித் மேடையிலேயே முடித்துவைத்தார். முகத்தில் மின்னல் கோடு போட்ட அலாடின் சேன் அதே வருடம். (அந்த மின்னல், ஸ்டூடியோவில் கிடந்த ஒரு ரைஸ் குக்கரின் கம்பெனி முத்திரையைப் பார்த்து வரைந்தது என்பார்கள். கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்கிறது.) 1975ல் அமெரிக்க சோல் இசை, சூட், படிய வாரிய முடி. 1976ல் வெள்ளைச் சட்டை, கறுப்பு வெய்ஸ்ட்கோட்டில் ஒட்டிய கன்னத்தோடு இன்னொரு ஆள். இத்தனை அவதாரங்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மனத்தில் பதிவது எந்த ஒரு அவதாரமும் இல்லை. அவதாரம் எடுக்கலாம் என்கிற விஷயம்தான்.

இந்தச் சோல் காலத்தைப் பலரும் சட்டென்று தாண்டிப்போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்துக்காக 1974 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்டுக்குப் போனார் போவி. கறுப்பின மக்களின் நடன இசை உருவாகிக்கொண்டிருந்த ஸ்டூடியோ அது. அந்த ஆல்பத்தில் வந்த 'ஃபேம்' 1975ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதுவரை போவி ரசிகன் வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பவன்; நடனத் தளம் வேறு ஆட்களுடையது. 'ஃபேம்' வந்த பிறகு லண்டனிலும் எசெக்ஸ் புறநகர்களிலும் ஃபங்க், சோல் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த தொழிலாளர் வீட்டுப் பையன்களும் போவி பையன்களும் ஒரே தளத்தில் நிற்கத் தொடங்கினார்கள். பில்லீஸின் துண்டுப் பிரசுரத்தில் எழுதியிருந்த வாசகமும் 'ஃபேம்' என்ற சொல்லை வைத்துத்தான்.

அப்புறம் பெர்லின். 1976 கடைசியிலிருந்து போவி அங்கே இருந்தார். 1977ல் 'லோ', 'ஹீரோஸ்' என்று இரண்டு ஆல்பங்கள். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ கூட இருந்தார். 'லோ'வின் இரண்டாம் பக்கத்தில் பாட்டு என்று சொல்லும்படி எதுவுமே கிடையாது, சிந்தசைசர் மூட்டம்தான். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு தங்கள் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' பாட்டில் போவியின் பெயரைச் சொன்னது. போவி பதிலுக்கு அந்தக் குழுவின் ஃப்ளோரியன் ஷ்னைடர் பெயரை ஒரு பாட்டின் தலைப்பில் வைத்தார். பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டது மாதிரிதான். ஆனால் லண்டனில் இருந்த ரஸ்டி ஈகனுக்கு இது கடைவீதி வரைபடமாக உதவியது. போவி கையைக் காட்டிய திசையில் போய் ரெக்கார்டுகளை வாங்கிவந்தார். போவி, ராக்ஸி மியூசிக், கிராஃப்ட்வெர்க், ஜார்ஜியோ மொரோடர், ஜப்பானின் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். டிஸ்கோவும் இல்லை, பங்க்கும் இல்லை. கிட்டார் சத்தம் குறைந்து மெஷின் தாளம் ஏறிய இந்தக் கலவைக்கு அன்று ஒரு பெயர்கூடக் கிடையாது.

பங்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இவர்களில் பாதிப் பேர் பங்க்கிலிருந்து வந்தவர்கள்தான். 1976ல் பங்க் என்பது நீயே வெட்டி, நீயே குத்தி உடுத்திக்கொள்வது. இரண்டே வருடத்தில் எல்லாரும் ஒரே தோல் ஜாக்கெட்டில் திரிகிற யூனிஃபார்ம் ஆகிவிட்டது. கச்சேரிகளில் அடிதடி வேறு. வித்தியாசமாக உடுத்துகிறவன் அடி வாங்காமல் நிற்க லண்டனில் இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் பெரும்பாலானவை ஓரினச் சேர்க்கையாளர் கிளப்புகள். பங்க் பிள்ளைகளுக்கே தொடக்கத்தில் அடைக்கலம் கொடுத்தது போலண்ட் தெருவில் இருந்த லூயிசஸ் என்ற, பெண்களை விரும்பும் பெண்களுக்கான கிளப்.

1979 பிப்ரவரியில் ஸ்ட்ரேஞ்சும் ஈகனும் பில்லீஸை விட்டுவிட்டுக் கோவன்ட் கார்டன் பகுதிக்கு, கிரேட் குவீன் தெருவில் இருந்த பிளிட்ஸ் என்ற ஒயின் பாருக்கு மாறினார்கள். அதே செவ்வாய்க்கிழமை. பிளிட்ஸ் என்பது இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மனி நடத்திய குண்டுவீச்சின் பெயர். பாரின் சுவரெல்லாம் போர்க்கால போஸ்டர்கள். வெளியேயும் ஏறக்குறைய அந்த நிலைமைதான். கோவன்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, காலி கோடவுன்கள் நின்றன. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தங்கள். லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது. மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமரானார்.

இடம் தேர்ந்ததில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரு பக்கம் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரி, இன்னொரு பக்கம் சென்ட்ரல் கல்லூரி, இரண்டுக்கும் நடந்துபோகிற தூரத்தில் பிளிட்ஸ். (இந்த இரண்டும் 1989ல் சேர்ந்து சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் ஆயின. நம் ஆட்களுக்குத் தெரிந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., சினிமா படித்தது அங்கேதான்.) மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுச் செலவுக்கு அரசின் உதவித்தொகை உண்டு. தங்குவதற்குப் பூட்டிக் கிடந்த வீடுகள்: வாரன் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிடித்துக்கொண்டு வாடகையில்லாமல் குடியிருந்தது ஒரு கூட்டம், பாய் ஜார்ஜும் தொப்பிக் கலைஞர் ஸ்டீஃபன் ஜோன்ஸும் அதில் சேர்த்தி. புதன்கிழமை காலையில் எழுந்து ஆபீஸ் போக வேண்டிய ஆள் செவ்வாய் ராத்திரி விடிய விடிய ஆட முடியுமா? முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால் மாணவர்களும் வேலையில்லாதவர்களும்தான். கையில் காசில்லாத, ஆனால் ஏகப்பட்ட நேரம் உள்ள கூட்டம்.

அவர்கள் உடுத்தியதை இப்போது படங்களில் பார்த்தால் ஏதோ பெரிய பணக்கார வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கும். உண்மையில் அது பழைய துணிக் கடை, தர்மக் கடை, நாடகக் கம்பெனி கழித்துப்போட்ட உடை. அம்மாவின் திரைச்சீலை. ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்கொள்ளைக்காரர், ஒருத்தி கன்னியாஸ்திரி, இன்னொருவர் முகத்தை வெள்ளையடித்து ஜப்பானியக் கபுகி நாடகத்திலிருந்து வந்தவர், அவருக்குப் பக்கத்தில் முப்பதுகளின் பெர்லின் காபரேக்காரர். ஆண்கள் பெண்களைவிட அதிகம் மை தீட்டியிருந்தார்கள். செவ்வாய் ராத்திரிக்கான வேலை வியாழக்கிழமையே தொடங்கிவிடும். தையல் மெஷினுக்குச் சண்டை நடக்கும். போன வாரம் போட்டதை இந்த வாரம் போட்டால் மானக்கேடு. போவி வருடத்துக்கு ஒருமுறை செய்ததை இவர்கள் வாரத்துக்கு ஒருமுறை செய்தார்கள். மேடையில் ஒருவர் வேஷம் கட்ட, கீழே ஆயிரம் பேர் ஜீன்ஸில் நின்று பார்த்தது பழைய ராக் கச்சேரி. பிளிட்ஸில் மேடைக்கு வேலையே இல்லை. பார்க்க வந்தவனும் அவனே, பார்க்கப்பட வந்தவனும் அவனே.

கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை பார்த்தது பாய் ஜார்ஜ். வாசலில் நின்றது ஸ்ட்ரேஞ்ச். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காசு, பெயர், எதுவும் செல்லாது. உடுத்தியிருப்பதில் ஒரு யோசனை தெரிய வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரையே திருப்பி அனுப்பினார் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள்: ஷூ சரியில்லை, கூட்டம் அளவைத் தாண்டிவிட்டது, இப்படி. எதுவானாலும் அந்த ஒரு கதை ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம். முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, "என் இடத்தில் நீ இருந்தால் உன்னை உள்ளே விடுவாயா?" என்று கேட்பார்களாம். இதைப் பிளிட்ஸுக்கும் சொல்கிறார்கள், 1985ல் லீ பவரி தொடங்கிய டபூ கிளப்புக்கும் சொல்கிறார்கள்.

இது கொடுமை இல்லையா என்றால், கொடுமைதான். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு இடம் கிடைத்ததும் செய்த முதல் வேலை மற்றவர்களை ஒதுக்கியது. ஆனால் அந்த உடையில் கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போனால் அடி நிச்சயம் என்ற ஊரில், வாசலில் கறாராக ஒரு ஆள் நிற்பது உள்ளே இருப்பவர்களுக்கு எத்தனை நிம்மதி என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தாட்சர் காலத்துப் பகட்டுக்கு இவர்கள் முன்னோடி என்று இடதுசாரி விமர்சகர்கள் சாடினார்கள். பாதி உண்மை. தன்னைத் தானே விற்கத் தெரிந்த கூட்டம்தான். ஆனால் அவர்களைத் தாங்கிய உதவித்தொகையும் பூட்டிய வீடுகளும் தாட்சருக்கு முந்தைய பிரிட்டன் கொடுத்தவை.

1980 கோடையில் ஒரு ராத்திரி, போவியே பிளிட்ஸுக்கு வந்தார்.

யாரையும் கண்டு அசராமல் இருப்பதே பெருமை என்று பழகியவர்கள் அந்தக் கூட்டத்தார். அன்று அத்தனை பெருமையும் காற்றில் போயிற்று. போவியை மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரேஞ்சுக்கு அழைப்பு: ஒரு வீடியோ எடுக்கிறேன், நீயும் இன்னும் மூன்று பேரும் வேண்டும், விடிகாலையில் பஸ் கிளம்பும். வெளிநாடு எங்காவது கூட்டிப்போவார் என்று கனவு கண்டவர்களை அந்த பஸ் இறக்கிவிட்டது தெற்குக் கரையில், ஹேஸ்டிங்ஸ் பக்கத்துக் கடற்கரையில். அன்றைய கூலி ஆளுக்கு 50 பவுண்டு.

அதுதான் 'ஆஷஸ் டு ஆஷஸ்' வீடியோ. யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். கறுத்த வானம், போவி கோமாளி உடையில் முன்னால் நடக்கிறார். பின்னால் நான்கு பேர், சிலர் தரைவரை தொங்கும் கறுப்பு அங்கிகளில். அந்த அங்கிகளில் சில ஜூடித் ஃபிராங்க்லண்ட் என்ற மாணவி கல்லூரித் தேர்வுக்காகத் தைத்தவை. அவரும் அந்த நால்வரில் ஒருவர். அவர்களுக்கும் பின்னால், ஒரு புல்டோசர் உருண்டு வருகிறது. ஸ்ட்ரேஞ்ச் அவ்வப்போது குனிந்து கையைத் தரைவரை வீசி நிமிர்வதைப் பார்க்கலாம். ஏதோ பூசாரிச் சடங்கு மாதிரி, அர்த்தம் நிறைந்ததாகத் தெரியும். விஷயம் வேறு: அங்கியின் ஓரம் புல்டோசரில் மாட்டிக்கொண்டே இருந்ததாம், அதை இழுத்து விடுவதற்காகக் குனிந்தாராம். அவரே சொன்னது. நன்றாக இருந்ததால் போவி பின்னால் தன் 'ஃபேஷன்' வீடியோவிலும் அதே கை வீச்சை வைத்துக்கொண்டார்.

பாட்டு ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அந்த வீடியோவில் நடந்ததைக் கவனியுங்கள். எட்டு வருடத்துக்கு முன் டிவியிலிருந்து நீண்ட விரலைப் பார்த்து வேஷம் கட்டக் கற்ற பிள்ளைகளிடமிருந்து இப்போது போவி வேஷத்தை வாங்கிக்கொண்டார். முப்பத்து மூன்று வயதில், புதிய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்து நேரே அங்கே வந்திருக்கிறார். இதைத் திருட்டு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போவி ஆரம்பத்திலிருந்தே பார்த்த தொழில் அதுதான், எங்கெங்கோ கிடைத்ததை எடுத்துத் தன் உடம்பில் போட்டுக்காட்டுவது. அதை அவரிடமே கற்றவர்கள் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் சில ஆயிரம் பேருக்குக்கூடத் தெரியாத ஒரு செவ்வாய்க்கிழமை ரகசியம் அந்த வீடியோவோடு எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அக்டோபரில் பிளிட்ஸ் செவ்வாய்கள் முடிந்தன.

மிச்சமெல்லாம் மளமளவென்று நடந்தது. 1979 டிசம்பரில் பிளிட்ஸில் வாசித்த ஸ்பாண்டோ பாலே, 1980 கடைசியில் முதல் ரெக்கார்டை வெளியிட்டு ஐந்தாம் இடத்துக்குப் போனது. ஸ்ட்ரேஞ்ச், ஈகன், மிட்ஜ் யூர் சேர்ந்த விசாஜ் குழுவின் 'ஃபேட் டு கிரே' ஜெர்மனியில் முதலிடம். பர்மிங்ஹமில் ரம் ரன்னர் கிளப்பிலிருந்து டுரான் டுரான். 1982ல் பாய் ஜார்ஜ். பத்திரிகைகள் இதற்கெல்லாம் சேர்த்து 'நியூ ரொமான்டிக்' என்று பெயர் வைத்தன. கிளப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அவர்களைப் படம் எடுத்துப் போடுவதற்கென்றே முளைத்தவை போல 'தி ஃபேஸ்', 'ஐ-டி' என்ற இரண்டு பத்திரிகைகளும் 1980ல் வந்திருந்தன. ஸ்டீஃபன் ஜோன்ஸ் அதே வருடம் கோவன்ட் கார்டனில் தொப்பிக் கடை திறந்து, பிற்பாடு இளவரசி டயானாவுக்கும் டியோர் நிறுவனத்துக்கும் தொப்பி செய்தார்.

ஸ்ட்ரேஞ்சும் ஈகனும் 1981ல் அடுத்து நடத்திய கிளப்பின் பெயர் 'கிளப் ஃபார் ஹீரோஸ்'. மறுபடி போவி பாட்டு. ஆனால் அவர்கள் விட்டுப்போனவற்றில் பாட்டையும் உடையையும்விட நீடித்தது அந்தப் பேரம்தான் என்று நினைக்கிறேன். கட்டடம் ஒருவருடையது, ராத்திரி இன்னொருவருடையது. வாரத்தில் ஒரு செத்த நாளைப் பிடித்து, அதற்கு ஒரு பெயர், ஒரு இசை, ஒரு வாசல் ஆள். 1982ல் பேட்கேவ், 1985ல் டபூ என்று லண்டனே அப்படி மாறியது. பேட்கேவ் தொடங்கியது பில்லீஸ் இருந்த அதே கட்டடத்தில். 1987 கடைசியில் டேனி ராம்ப்ளிங் என்ற டிஜே ஒரு உடற்பயிற்சிக் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஷூம் என்ற ராத்திரியைத் தொடங்கியதும் இதே வழியில்தான். ஆனால் ஷூமுக்குள் பக்கத்தில் ஆடுகிறவரின் முகமே தெரியாத அளவுக்குப் புகையை அடித்துவிடுவார்கள். தொளதொள டி-ஷர்ட், வேர்வை, அவ்வளவுதான். மணிக்கணக்கில் மை தீட்டிக்கொண்டு போனாலும் பார்க்க ஆள் இல்லை. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் காலம் அப்படித்தான் பிளிட்ஸ் காலத்தை முடித்துவைத்தது.

ஸ்ட்ரேஞ்ச் 2015 பிப்ரவரியில் இறந்தார், 55 வயது. போவி 2016 ஜனவரியில். 2025 செப்டம்பரில் லண்டன் டிசைன் மியூசியம் பிளிட்ஸ் கிளப்புக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தது. அந்தக் காலத்து உடைகள், துண்டுப் பிரசுரங்கள், படங்கள். டிக்கெட் எடுத்தால் போதும், ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டேகூட உள்ளே போக முடிந்தது.